மயக்க மருத்துவரிடம் எதையெல்லாம் சொல்ல வேண்டும்: கர்ப்பப்பை அறுவை சிகிச்சை அனுபவங்கள்

செங்கோட்டையிலிருந்து:

கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று முடிவான பிறகு, வயிற்றைக் கிழிப்பார்களே என்ற எண்ணத்தைவிட, மயக்க மருந்து கொடுத்தால் மீண்டும் கண் விழிப்பேனா என்ற எண்ணம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. எங்கள் பக்கத்தில் இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் தெருவுக்கு ஒருவராவது இருக்கிறார்கள். ஆனால் விசாரித்தால் ஒருவர் சொல்வதும் மற்றவர் சொல்வதும் ஒத்துப்போவதில்லை. முதுகில் ஊசி போட்டால் ஆயுளுக்கும் இடுப்பு வலி என்பார் ஒருவர், முழு மயக்கம் கொடுத்தால் ஞாபகசக்தி போய்விடும் என்பார் இன்னொருவர், பாதியில் விழிப்பு வந்துவிடும் என்பார் மற்றொருவர். இவற்றில் எதைக் கணக்கில் கொள்வது, எதைத் தள்ளுவது என்று என் உடம்பைப் பார்த்துச் சொல்லக்கூடியவர் மயக்க மருத்துவர் ஒருவரே. அறுவை சிகிச்சைக்கு முன் அவரைச் சந்திப்பதை நம் பெண்களில் பலர் ரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி. ஆகியவற்றோடு சேர்த்து ஒரு சம்பிரதாயமாக எண்ணிக் கடந்துவிடுவதால், அந்தச் சந்திப்பைப் பற்றியே விரிவாக எழுதுகிறேன்.

1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர் என்பதாலோ என்னவோ, பெரிய வைத்தியம் என்றால் ஆரியங்காவு வழியாக மலையைக் கடந்து திருவனந்தபுரம் போவது எங்கள் வீட்டில் ஆச்சி காலத்து வழக்கம். நானும் அப்படித்தான் போனேன். நார்க்கட்டிகளால் கர்ப்பப்பை நான்கு மாதக் கர்ப்பத்தின் அளவுக்குப் பெருத்திருந்தது; மாதந்தோறும் கட்டி கட்டியாக உதிரம் போனதில் ஹீமோகுளோபின் 8-க்கு இறங்கியிருந்தது. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழே இருந்தாலே ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். மயக்க மருத்துவர் அந்த எண்ணைப் பார்த்ததுமே தேதியைத் தள்ளிவைக்கச் சொன்னார். ஆபரேஷனில் எப்படியும் ரத்தம் இழக்கப்படும். ஏற்கெனவே குறைவாக இருக்கும் ரத்தத்திலிருந்து அதுவும் போனால் இதயத்துக்கும் மூளைக்கும் பிராணவாயு சேர்வது சிரமம். மயக்க மருந்தால் ரத்த அழுத்தம் இறங்கும்போது அந்தச் சிரமம் இன்னும் கூடும் என்று காரணத்தைப் பொறுமையாக விளக்கினார். இரும்புச்சத்து மருந்தை டிரிப்ஸில் ஏற்றி, உதிரப்போக்கைக் குறைக்க மாத்திரை கொடுத்து, அளவு கூடிய பிறகே நாள் குறித்தார்கள். வீட்டில் எல்லோரும் தாமதத்துக்கு வருந்தினார்கள். எனக்கோ, என் உயிரைக் குறித்து இவ்வளவு கவனமாக இருக்கும் ஒருவர் கையில் இருக்கிறேன் என்ற நம்பிக்கை அங்கேதான் பிறந்தது.

அவர் கேட்ட கேள்விகள் பல முதலில் தொடர்பில்லாதவையாகத் தோன்றின. வாயை எவ்வளவு அகலமாகத் திறக்க முடிகிறது, கழுத்தை நிமிர்த்த முடிகிறதா, ஆடும் பல் உண்டா, கட்டிய பல் உண்டா என்று பார்த்தார். தேவைப்பட்டால் மூச்சுக்குழாயில் குழாய் செருகுவது எளிதா கடினமா என்பதை முன்கூட்டியே கணிப்பதற்காக அது. குறட்டை விடுவீர்களா என்று கேட்டபோது கூச்சத்தில் நான் தலைகுனிய, என் கணவர்தான் பதில் சொன்னார். பலத்த குறட்டையும் இடையிடையே மூச்சு நிற்பதும் உள்ளவர்களுக்கு மயக்கம் தெளியும் நேரத்தில் கூடுதல் கண்காணிப்பு வேண்டும் என்பதால் அதை மறைக்கக் கூடாதாம். தைராய்டு மாத்திரை, ரத்தத்தை இளக்கும் மாத்திரை, நாட்டு மருந்து, லேகியம் எதுவானாலும் சொல்லச் சொன்னார். ரத்த உறவில் யாருக்காவது மயக்க மருந்தால் கடும் காய்ச்சலோ, நெடுநேரம் மூச்சு திரும்பாமல் போனதோ உண்டா என்றும் கேட்டார். குடும்பத்தில் வழிவழியாக வரும் அத்தகைய கோளாறுகள் அரிதாக இருக்கின்றன, தெரிந்துவிட்டால் வேறு மருந்துகளைப் பயன்படுத்தலாம் என்றார்.

அதன் பிறகுதான் துணிந்து என் பயத்தைச் சொன்னேன். என் ஆபரேஷன் வயிற்றைத் திறந்து செய்வது என்பதால் முதுகு ஊசியே போதும் என்றும், வளர்ந்தவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பின் மேற்பகுதியோடு முடிந்துவிடும், ஊசி அதற்கும் கீழே நீர் நிறைந்த இடத்தில் போடப்படுகிறது என்றும், மரப்பு சில மணி நேரத்தில் தானே விலகிவிடும் என்றும் விளக்கினார். ஊசி குத்திய இடத்தில் சில நாள் வலி இருக்கலாம், ஆயுள் முழுவதும் இடுப்பு வலி வருவதற்கு அந்த ஊசி காரணம் என்று ஆய்வுகள் காட்டவில்லை என்றார். முழு மயக்கத்தில் விழிப்பு வருவதைப் பற்றியும் விடாமல் கேட்டேன். பிரிட்டனில் நாடு முழுவதும் நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 19,000 பேரில் ஒருவர்தான் அப்படி உணர்ந்ததாகத் தெரிவித்திருந்தார் என்றும், ஆபரேஷன் முடியும்வரை மயக்க மருத்துவர் தலைமாட்டை விட்டு நகர்வதில்லை என்றும் சொன்னார். அவர் எதையும் பூசி மெழுகவில்லை. ஆபத்து அறவே இல்லை என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அதுவே எனக்குத் தைரியம் தந்தது.

தியேட்டரில் வலி இல்லை. ஆனால் தொடுவதும் இழுப்பதும் தெரிந்தது. அப்படித் தெரியும் என்று முன்பே சொல்லியிருந்ததால் பதறவில்லை. நடுவில் குமட்டலாக வந்தது. உடனே சொன்னேன், ரத்த அழுத்தம் இறங்கியிருப்பதைப் பார்த்து மருந்து கொடுத்துச் சரிசெய்தார்கள். பிறகு வந்த நடுக்கத்துக்குச் சூடான காற்று வரும் போர்வை போர்த்தினார்கள். முதுகில் விட்டிருந்த மெல்லிய குழாய் வழியாக மறுநாளும் வலிக்கு மருந்து போய்க்கொண்டிருந்ததால் சீக்கிரமே எழுந்து நடக்க முடிந்தது.

களியக்காவிளையிலிருந்து:

அக்கா எழுதியதோடு முதுகு ஊசியின் ஒரு பக்கவிளைவைச் சேர்க்கிறேன், ஏனென்றால் எனக்கு அது வந்தது. மறுநாள் எழுந்து உட்கார்ந்ததும் பிடரியிலிருந்து நெற்றிவரை தாங்க முடியாத வலி. படுத்தால் அடங்கியது, உட்கார்ந்தால் திரும்பியது. ஊசி போட்ட துளை வழியாகத் தண்டுவட நீர் கசிந்து, மூளையைச் சுற்றியுள்ள அழுத்தம் குறைவதால் வரும் தலைவலி அது. 1898-இல் ஜெர்மனியின் கீல் நகரில் இந்த முறையை முதன்முதலில் கையாண்ட ஆகஸ்ட் பீர் என்ற மருத்துவர், தம் உடம்பிலேயே சோதித்துப் பார்த்துவிட்டு இதே தலைவலியோடு படுத்திருந்தார் என்று என் மருத்துவர் சொன்னார். இப்போதைய ஊசிகள் மிகவும் மெல்லியவை, நுனியும் மழுங்கலாக அமைந்தவை. ஆகவே முன்னைவிட இது குறைவு. தலையணை இல்லாமல் மல்லாந்தே கிடந்தால் வராது என்று வார்டில் எல்லோரும் சொன்னார்கள். அப்படிக் கிடப்பது இதைத் தடுப்பதாக ஆய்வுகளில் தெரியவில்லை என்றார் மருத்துவர். நிறையத் தண்ணீர், காபி, வலி மாத்திரை ஆகியவற்றிலேயே எனக்குக் குறைந்துவிட்டது. குறையாதவர்களுக்குக் கையிலிருந்து அவர்களுடைய ரத்தத்தையே எடுத்து முதுகில் அதே இடத்தில் செலுத்தி அடைப்பார்களாம். காய்ச்சல், கழுத்து விறைப்பு, பார்வை மங்குதல் இருந்தாலோ, படுத்தாலும் வலி அடங்காவிட்டாலோ காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

எனக்குக் கோயம்புத்தூரில் லேப்ராஸ்கோப்பி முறையில், அதாவது வயிற்றில் சிறு துளைகள் வழியாக, முழு மயக்கத்தில் நடந்தது. வயிற்றைக் கரியமில வாயுவால் நிரப்பித் தலைப்பக்கத்தைத் தாழ்த்தி வைப்பதால், மூச்சைக் கருவியின் பொறுப்பில் விடுவதே பாதுகாப்பு என்று அந்த முறைக்குப் பெரும்பாலும் முழு மயக்கமே கொடுக்கிறார்கள். விழித்தபோது தொண்டை கரகரத்தது. இரண்டு நாள் வலது தோள் வலித்தது. வயிற்றில் செய்த ஆபரேஷனுக்குத் தோள் ஏன் வலிக்கிறது என்று என் மாமியார் கலங்கிவிட்டார். மீந்த வாயு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தை உறுத்துவதால் தோளில் தெரியும் வலி அது, தானாகவே போய்விட்டது. வாந்திதான் என்னை வதைத்தது. பஸ்ஸில் போனால் வாந்தி வருமா என்று மருத்துவர் கேட்டபோது, வீட்டார் அவசரப்படுத்தியதில் அதற்கு நான் சரியாகப் பதில் சொல்ல வாய்ப்பே அமையவில்லை. பயணத்தில் வாந்தி வருபவர்களுக்கு மயக்கத்துக்குப் பின்னும் வாந்தி வர வாய்ப்பு அதிகம் என்பதாலேயே அதைக் கேட்கிறார்கள்.

இனி எழுதப்போவது மயக்க மருந்தைப் பற்றியதன்று. இருந்தாலும் சிக்கல்களைப் பற்றிப் பேசும் இடத்தில் இதை எழுதாமல் இருக்க முடியாது. வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கடந்தபின், இருமாமலும் சிரிக்காமலும்கூட, ஓயாமல் நீர் கசியத் தொடங்கியது. கர்ப்பப்பை எடுத்தால் கொஞ்ச நாள் இப்படித்தான் என்று சொந்தக்காரப் பெண்கள் ஆறுதல் சொன்னார்கள். லேசான கசிவு சில வாரம் இருப்பது வழக்கம்தான், ஆனால் எனக்கு வந்ததில் சிறுநீரின் வாடை இருந்தது. மருத்துவர் நீல நிறச் சாயத்தைச் செலுத்திப் பார்த்து, சிறுநீர்ப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் இடையே சிறு துளை விழுந்திருப்பதை உறுதிசெய்தார். சிறுநீர்ப்பை கர்ப்பப்பையின் முன்புறத்தை ஒட்டியே இருக்கிறது. சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாய்களும் கர்ப்பப்பைக்குப் போகும் ரத்தக் குழாய்களுக்கு அடியில் மிக நெருக்கமாகச் செல்கின்றன. முன்பு சிசேரியன் ஆனவர்களுக்கு உள்ளே ஒட்டுகள் உண்டாகியிருப்பதால் பிரித்தெடுப்பது இன்னும் கடினம். எனக்கு இரண்டு பிரசவமும் சிசேரியன்தான். திறமையான கைகளிலும் நேரக்கூடிய காயம் இது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் சிசேரியன் ஆன பெண்ணுக்கு இந்த வாய்ப்பை ஆபரேஷனுக்கு முன்பே எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும் என்ற வருத்தம் எனக்கு உண்டு. சில வாரம் சிறுநீர் வெளியேற மாட்டிய குழாயோடு இருந்து, புண் ஆறியபின் இரண்டாம் ஆபரேஷனில் துளையை மூடினார்கள். இந்த முறை பழைய டிஸ்சார்ஜ் தாள்களை எல்லாம் எடுத்துக்கொண்டு போய், வாந்தியைப் பற்றி விவரமாகச் சொன்னேன். முதுகு ஊசியிலேயே செய்து, வாந்திக்கு முன்கூட்டியே மருந்தும் கொடுத்தார்கள். வித்தியாசம் இரவுக்கும் பகலுக்கும் உள்ளதாக இருந்தது.

வண்டிப்பெரியாற்றிலிருந்து:

என் அம்மா தேயிலைத் தோட்டத்தில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர். மலைச்சரிவில் கூடை சுமந்தே வயதான உடம்பு. அடி இறக்கத்தை, அதாவது கர்ப்பப்பை கீழே இறங்கியிருப்பதை, வெளியே சொல்லாமல் வருடக்கணக்கில் பொறுத்துக்கொண்டிருந்தார். சர்க்கரை, ரத்த அழுத்தம், மழைக்காலத்தில் இளைப்பு மூன்றும் உண்டு. ஆதலால் வயிற்றைத் திறக்காமல் பிறப்புறுப்பு வழியாகவே, முதுகு ஊசியில் செய்வதாகத் தீர்மானித்தார்கள். அன்று காலை அம்மா யாருக்கும் தெரியாமல் அரை டம்ளர் பால் டீ குடித்திருந்தார். விடிந்ததும் டீ குடிக்காமல் இருந்து பழகாதவர். நர்ஸ் தமிழில் தன்மையாகக் கேட்டதால் ஒப்புக்கொண்டார், ஆபரேஷன் மாலைக்குத் தள்ளிப்போனது. முதுகு ஊசியே ஆனாலும் நடுவில் முழு மயக்கத்துக்கு மாற நேரலாம், அப்போது வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து என்று மயக்க மருத்துவர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். திட உணவுக்கும் பாலுக்கும் ஆறு மணி நேரம், தண்ணீருக்கும் பால் சேராத கட்டன் டீக்கும் இரண்டு மணி நேரம் என்பது பொதுவான கணக்கு. சர்க்கரை நோயாளிகள் தங்கள் மருத்துவர் சொல்வதையே பின்பற்ற வேண்டும். சர்க்கரை மாத்திரைகளில் சிலவற்றைச் சில நாள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும் என்பதையும் அங்கேதான் அறிந்தோம். ஆபரேஷனுக்குப் பின் காலில் ரத்தம் உறையாமல் இருக்க ஊசி போட்டு, இறுக்கமான காலுறை மாட்டி, மறுநாளே நடக்கவைத்தார்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ எந்த நேரமானாலும் வரச் சொன்னார்கள்.

மீண்டும் செங்கோட்டையிலிருந்து:

கொழிஞ்சாம்பாறைச் சகோதரியின் வருத்தத்தைப் படித்தபின் சம்மதப் படிவத்தைப் பற்றிச் சொல்லத் தோன்றுகிறது. என்னிடம் நீட்டிய தாள் மலையாளத்தில் இருந்தது. எனக்குப் பேச்சு புரியும், எழுத்துப் படிக்க வராது. கையெழுத்து போடுவதற்கு முன் தமிழில் வாசித்துச் சொல்லக் கேட்டேன், மறுக்காமல் செய்தார்கள். சினைப்பைகளையும் எடுப்பார்களா, அவசரமானால் வேறு என்ன செய்வார்கள், மயக்க முறை நடுவில் மாறலாமா என்பவை அதில்தான் இருந்தன. சினைப்பைகள் நன்றாக இருந்தால் விட்டுவிடும்படி அப்போதே எழுதிக் கொடுத்தேன். மாதவிலக்கு நிற்கும் வயதுக்கு முன்பே அவற்றையும் எடுத்துவிட்டால் உடல் சூடு, எலும்புத் தேய்மானம் எல்லாம் ஒரேயடியாக வந்து சேரும். பரிசோதனைக்காக மட்டும் மயக்கம் கொடுக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு, வெளியே காத்திருந்த தாயிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்ட வழக்கில், உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத நிலையில் அந்தப் பெண்ணின் சம்மதமே வேண்டும், தாயின் சம்மதம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரியில் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே நாள் குறித்திருக்கும் சகோதரிகள் படிவத்தை ஆபரேஷன் அன்று காலையில் பார்க்கலாம் என்று விடாமல், மயக்க மருத்துவரைச் சந்திக்கும் நாளிலேயே கேட்டு வாங்கி, தெரிந்த மொழியில் வாசிக்கவைத்து, சந்தேகங்களை அவரிடமே கேட்டுவிடுங்கள். முந்தைய ஆபரேஷன், பிரசவத் தாள்களும் மாத்திரை அட்டைகளும் அன்று கையில் இருக்கட்டும்.