நன்றாக இருக்கும் பிள்ளைக்கும் ஃப்ளூ ஊசி வேண்டுமா?

பெரியவளுக்கு 4 வயது, சின்னவனுக்கு 14 மாதம். சளி, இருமல் தவிர இருவருக்கும் பெரிதாக எதுவும் வந்ததில்லை. ஃப்ளூ ஊசி போடலாமா என்று டாக்டர் கேட்டதிலிருந்து வீட்டில் ஒரே விவாதம். "நல்லா ஓடியாடுற பிள்ளைக்கு எதுக்கு?" என்கிறார் கணவர். 5 வயதுக்குள், அதிலும் 2 வயதுக்குள், ஃப்ளூ நிமோனியா வரை போகலாம் என்பது என் பயம்.

முதல் தடவை என்பதால் 4 வார இடைவெளியில் 2 டோஸ்; அப்புறம் வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் வருடாவருடம் ஒன்று. போன தடுப்பூசிக்கே சின்னவன் என் காலரைப் பிடித்தபடி ஒரு மணி நேரம் தோளைவிட்டு இறங்கவில்லை!

போட்டவர்கள் சொல்லுங்கள்: காய்ச்சல், ஊசி போட்ட இடத்தில் வலி எத்தனை நாள் இருந்தது? வேண்டாமென்று விட்டவர்கள் ஏன் விட்டீர்கள்? இருவருக்கும் ஒரே நாளில் போட்டால் சமாளிக்க முடியுமா?