பொருளாதார மந்தம் வந்தால் வீடில்லாதவர்களின் கூடாரங்கள் பெருகுவது எப்படி?

கேள்வி (ஆற்றோரம்):
2009-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத் தலைநகர் சாக்ரமெண்டோவில் அமெரிக்கன் ஆற்றங்கரையில் இருந்த கூடார முகாமின் படங்களை நேற்றுத்தான் பார்த்தேன். ஒரு கூடார வாசலில் துடைப்பம் சாத்தி வைத்திருந்தது, மனசு என்னவோ போலாகிவிட்டது. வீட்டுக்கடன் கட்ட முடியாமல் வீட்டைப் பறிகொடுத்தவர்கள்தான் அங்கே வந்தார்களா?

பதில் (கலிஃபோர்னியாவாசி):
அப்படித்தான் டிவியில் சொன்னார்கள். பிரபல தொகுப்பாளர் ஓப்ராவின் டிவி நிகழ்ச்சியில் வந்ததும் உலகம் முழுக்கப் பேச்சாகி, கேமராவோடு வந்த எல்லாரும் போன மாதம் வரை சொந்த வீட்டில் இருந்த குடும்பத்தையே தேடினார்கள். உண்மையில் அங்கே இருந்தவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன்பே தெருவில் இருந்தவர்கள். வீட்டை இழந்தவர் முதலில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போவார், அப்புறம் மலிவான வாடகைக்கு வருவார், அங்கே ஏற்கெனவே தினக்கூலியில் காலம் தள்ளியவருக்கு வேலையும் போய் அறையும் போய்விடும். கடைசிப் படியில் நின்றவர்தான் முதலில் விழுகிறார். ஆளுநர் ஸ்வார்செனேகர் மார்ச்சில் வந்து பார்த்தார், ஏப்ரலில் முகாமைக் காலி செய்துவிட்டார்கள்.

பதில் (பழைய பேப்பர்):
இது புதுசே இல்லை. பெருமந்தக் காலத்தில், 1931-ல் அமெரிக்காவின் சியாட்டில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் வேலையில்லாதவர்கள் பலகை, தகரம் வைத்துக் குடிசை போட்டார்கள். நகர நிர்வாகம் இரண்டு தடவை கொளுத்தியது, அவர்கள் திரும்பவும் கட்டினார்கள், கடைசியில் நிர்வாகமே சில விதிகளைப் போட்டு விட்டுவிட்டது. பேர் ஹூவர்வில், அப்போதைய அதிபர் ஹூவர் மேல் இருந்த கோபம். போர்த்திக்கொண்ட செய்தித்தாளுக்குக்கூட ஹூவர் போர்வை என்றுதான் பேர். அந்தக் குடியிருப்பு 1941 வரை இருந்தது. அந்த வருஷம் நகர நிர்வாகமே அதை அகற்றிவிட்டது.

பதில் (சனிக்கிழமை வேன்):
நான் வாராவாரம் சாப்பாட்டு வேனில் போகிறவள். சாப்பாட்டை விட அதிகம் கேட்பது காய்ந்த சாக்ஸ். மழையில் நனைந்த காலோடு நாலு நாள் இருந்தால் புண்ணாகிவிடும். 2024-ல், ஓரிகன் மாநிலத்தின் கிராண்ட்ஸ் பாஸ் நகரம் சம்பந்தப்பட்ட வழக்கில், தங்க இடம் இல்லாவிட்டாலும் பொது இடத்தில் படுப்பவருக்கு அபராதம் போடலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-3 என்ற நீதிபதிகள் பெரும்பான்மையில் சொல்லிவிட்டது. கையில் காசில்லாதவரிடம் அபராதம் கேட்டு என்ன பிரயோஜனம்?

ஆற்றோரம்:
கூடாரத்தைப் பிரிக்கும்போது அவர்களுடைய சாமான்களை என்ன செய்கிறார்கள், அக்கா?

சனிக்கிழமை வேன்:
நான் பார்த்தவரை பாதி குப்பை லாரியில் போகிறது. அடையாள அட்டையும் மாத்திரையும் அதோடு போய்விடும். அட்டை இல்லாமல் வேலைக்கு எழுதிப் போட முடியாது. போன மாதம் ஒருவருக்கு இன்சுலின் போய்விட்டது, வேனை அப்படியே ஆஸ்பத்திரிக்குத் திருப்பினோம். சாக்ஸ் அனுப்ப நினைப்பவர்கள் தடித்த கம்பளி சாக்ஸாக அனுப்புங்கள்.