மறு: ரீடிங் ஸ்பெஷலிஸ்ட் – வாசிப்பாசிரியர் போதாதா?

> வாசிப்பு வல்லுநர் என்றே வைத்துவிடலாமே, எளிமையாக இருக்கிறது.

'ரீடிங் ஸ்பெஷலிஸ்ட்' என்பதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற பேச்சில் நீங்கள் சொன்னது எளிமைதான் ஐயா. ஆனால் 'வாசிப்பு வல்லுநர்' என்று கேட்டால் எனக்குக் கண்முன் வருகிறவர், புத்தகக் கண்காட்சியிலிருந்து இரண்டு பை நிறைய நாவல் சுமந்துகொண்டு போகிறவர். அமெரிக்காவில் இந்த வேலைக்கு வருகிறவர் ஏற்கெனவே வகுப்பு எடுத்த ஆசிரியர், மறுபடி பல்கலைக்கழகம் போய் முதுநிலைப் பட்டம் வாங்கி (பல மாநிலங்களில் அது இல்லாமல் சான்றிதழே கிடையாது) வாசிக்கத் திணறும் பிள்ளைகளோடு உட்காருகிறவர். உட்காருவதற்கே பயிற்சி உண்டு. குழந்தை உரக்க வாசிக்க வாசிக்க, சரியாகச் சொன்ன சொல்லுக்கெல்லாம் ஒரு டிக், தவறினால் அது சொன்னதை அப்படியே எழுதிவைக்க வேண்டும். 'ஹார்ஸ்' என்று அச்சில் இருக்க, குழந்தை 'போனி' என்கிறது என்றால் எழுத்தைப் பார்க்கவே இல்லை, படத்தைப் பார்த்து ஊகித்திருக்கிறது.

சிறப்பாசிரியர் என்ற பெயரும் வேண்டவே வேண்டாம். தமிழ்நாட்டில் அது ஓவியம், தையல், உடற்கல்விக்காரர்களுக்குப் போய்விட்டது.

'லிட்டரசி'யைப் பிடித்துக்கொண்டு எழுத்தறிவு என்றாலோ மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்து நிற்கும். ஏழு வயதோ அதற்கு மேலோ ஆகி, ஏதாவது ஒரு மொழியில் புரிந்து எழுதப் படிக்கத் தெரிந்தால் சரி, கணக்கில் சேர்ந்தாயிற்று. அமெரிக்கர்களுக்கே இதில் குழப்பம்தான்: 1956இல் 'ரீடிங்' என்ற பெயரோடு தொடங்கிய, வாசிப்புக் கல்விக்கான பன்னாட்டுச் சங்கம் 2015இல் அதை 'லிட்டரசி' என்று மாற்றிக்கொண்டது, அப்புறம் 2017 தரநிலைகளில் இந்த ஆளை 'ரீடிங்/லிட்டரசி ஸ்பெஷலிஸ்ட்' என்று நடுவில் சாய்கோடு போட்டு எழுதிவிட்டது!

அதனால் தமிழாசிரியர் மாதிரி வாசிப்பாசிரியர். சக ஆசிரியர்களுக்குக் கற்றுத்தரும் லிட்டரசி கோச் தனி ஆள், அவருக்கு வாசிப்புப் பயிற்றுநர். வட்டார வளமையங்களில் 'ஆசிரியர் பயிற்றுநர்' என்று பழகிய சொல்தானே.

உங்கள் கலைச்சொல் பட்டியலில் 'டீகோடிங்'குக்கு (அச்சிலுள்ள எழுத்துகளை ஒலியாக்கிச் சொல்லைப் படிப்பது) குறிநீக்கம் என்று போட்டிருக்கிறீர்கள். ராணுவ ரகசியமா என்ன? "எழுத்துக்கூட்டிப் படிக்கிறான்" என்று பாட்டி சொல்வது இதைத்தான். தட்டுத்தடுமாறுகிறான் என்ற இளப்பம் அதில் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் 1986இல் கஃப், டன்மர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் தந்த வாய்பாட்டில் வைத்துப் பாருங்கள்: வாசித்துப் புரிதல் = எழுத்துக்கூட்டல் × மொழிப்புரிதல். எது பூச்சியமானாலும் விடை பூச்சியம். இடறாமல் உட்காருகிறது.

எனக்கு இடிப்பது 'ஃபோனீமிக் அவேர்னஸ்' ஒன்றுதான், அதாவது சொல்லிலுள்ள ஒலிகளைத் தனித்தனியாகப் பிரித்து உணரும் திறன். எழுத்தொலி உணர்வு என்று நேற்று எழுதியிருந்தேன், இன்று காலையில் அதை நானே வாபஸ் வாங்குகிறேன். வீட்டில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் "கல் என்பதில் முதல் ஒலியை எடுத்துவிட்டால்?" என்றேன். "ல்" என்றாள். பாடத்திட்டக்காரர் எதிர்பார்க்கும் விடை 'அல்'. நமக்கு க ஒரே எழுத்து, அவர்களுக்கு க், அ என்று இரண்டு ஒலி. எழுத்தொலி என்றால் நம் ஆசிரியர்களும் அவளைப்போலத்தான் புரிந்துகொள்வார்கள். ஒலியன் உணர்வு என்று வைக்கலாமா? மொழியியல் படித்தவர்கள் சொல்லுங்கள்.