நான்கு வரிசைக்கு 1500 தான்

மீட்டர்கேஜ்:
நேற்று புளியரைக்காரன் பழைய பிரிக் கேம் பெட்டியைப் பற்றி எழுதியிருந்தார்; மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கி, வரிசை நிரம்பினால் உடைந்து மதிப்பெண் தரும் கையடக்க ஆட்டம் அது. நன்றாகத்தான் எழுதியிருந்தார். ஆனால் நடுவில் ஒரு வரி: "நான்கு வரிசையை ஒரே கட்டையில் உடைத்தாலும் ஒவ்வொன்றாக உடைத்தாலும் 400 தான்." அந்த ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. ஒரு வரிசைக்கு 100, இரண்டு சேர்ந்து உடைந்தால் 300, மூன்றுக்கு 700, நான்குக்கு 1500. இதை மாற்றிச் சொல்கிறவர் அந்தப் பெட்டியைக் கையில் பிடித்திருக்கவே மாட்டார். செங்கோட்டையில் எங்கள் தெருவில் எவனைக் கேட்டாலும் சொல்வான்.

புளியரைக்காரன்:
அண்ணாச்சி, நான் பிடிக்கவில்லையா? துபாயில் வேலை பார்த்த என் மாமா 1994இல் கொல்லம் வழியாகக் கொண்டுவந்து என் கையில் கொடுத்த பெட்டி அது. உங்களுடையதைப்போலக் குற்றாலம் சீசன் கடையில் பேரம் பேசி வாங்கியது அல்ல. என் பெட்டியில் 400 தான்.

மீட்டர்கேஜ்:
எங்கே வாங்கினால் என்ன? பத்துக் கட்டம் அகலம், இருபது கட்டம் உயரம், எல்லாம் ஒரே பெட்டிதான். ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீங்கள் சொல்வதுபோல எப்படி உடைத்தாலும் 400 என்றால், வலது ஓரம் ஒரு பத்தியைக் காலியாக விட்டுவிட்டு, நான்கு வரிசையை ஒன்றாக உடைக்கும் நீளக் கட்டைக்காக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு எதற்குக் காத்திருந்தோம்? அந்தக் கட்டை வராமல் எத்தனை ஆட்டம் தலைவரை ஏறிச் செத்திருக்கிறது! 400க்காகவா?

குண்டாறு:
இரண்டு பேரும் முதலில் எந்தப் பெட்டி என்று சொல்லுங்கள். இதைப் பல கம்பெனிகள் செய்தன. மேலே எல்லாவற்றிலும் '9999 இன் 1' என்று அச்சடித்திருந்தாலும் உள்ளே எண்ணும் முறை ஒன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று இல்லை.

மீட்டர்கேஜ்:
எந்தப் பெட்டியானாலும் 1500.

புளியரைக்காரன்:
400.

கணக்கு டீச்சர்:
மீட்டர்கேஜ் சொல்கிற எண்களில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. முந்தியதை இரட்டித்து 100 கூட்டுங்கள்: 100, 300, 700, 1500. வாயில் வந்ததைச் சொன்னால் இப்படி அமையாது. இந்த ஆட்டத்துக்கு மூலமான, ரஷ்யாக்காரர் பாஜித்னோவ் 1984இல் உருவாக்கிய டெட்ரிஸ், 1989இல் நின்டெண்டோவின் கேம் பாய் என்ற கையடக்கப் பெட்டியில் வந்தபோது, தொடக்க நிலையில் 40, 100, 300, 1200 என்று கொடுத்தார்கள். நான்கு சேர்ந்தால் ஒன்றைப்போல முப்பது மடங்கு. காத்திருந்தவனுக்குக் கூலி கொடுப்பதுதான் அந்த ஆட்டத்தின் உயிரே.

புளியரைக்காரன்:
டீச்சர், ஜப்பான் பெட்டியை இங்கே யார் கேட்டார்கள்? என் பெட்டியைப் பற்றி நான் சொல்கிறேன்.

ஆரியங்காவு:
ஜப்பான் பெட்டி என்றதும் வந்துவிட்டேன். என் சித்தப்பாவிடம் நின்டெண்டோவின் பழைய கையடக்க ஆட்டப் பெட்டியான கேம் அண்ட் வாட்ச் இருந்தது, 1981இல் வந்த ஆக்டோபஸ். படகிலிருந்து இறங்கிப் புதையலை அள்ளிக்கொண்டு திரும்பினால் 3 புள்ளி. 200லும் 500லும் அதுவரை செய்த தவறுகள் அழிந்துவிடும். 999ஐத் தாண்டினால் மறுபடி 0. கணக்கு என்றால் அது கணக்கு. பென்சில் பேட்டரிப் பெட்டிக்கு இத்தனை சண்டையா?

மீட்டர்கேஜ்:
ஆரியங்காவு தம்பி, உங்கள் சித்தப்பா அதை யாரையும் தொடவிட்டதில்லை என்று நீங்களே போன வருடம் எழுதினீர்கள். பார்த்தவர் பேசலாம், ஆடியவர்களுக்கு நடுவில் வரக் கூடாது.

நான் ஆடியதைச் சொல்கிறேன், கேளுங்கள். கொல்லம் போகும் மீட்டர்கேஜ் ரயில், ஜன்னல் ஓரம். மதிப்பெண் 8200. அடுத்து வரும் கட்டையைக் காட்டும் சின்னக் கட்டத்தில் நீளக் கட்டை வந்துவிட்டது. பகவதிபுரம் தாண்டியாயிற்று, குகை நெருங்குகிறது. ரயில் பெட்டியில் விளக்கு எரியவில்லை, ஆட்டப் பெட்டியின் திரைக்கும் சொந்த வெளிச்சம் கிடையாது. நீளக் கட்டை மேலே வந்ததும் நிமிர்த்தி வலது ஓரத்துக்குத் தள்ளிவிட்டேன். அந்த நொடியில் இருட்டு. கீழே இறக்கும் பொத்தானை அழுத்தினேன், உடையும் சத்தம் கேட்டது, உடனே நிறுத்தும் பொத்தான். கரிப் புகையா பாறை ஈரமா என்று தெரியாத அந்த வாடையில், பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குகை முழுவதும் உட்கார்ந்திருந்தேன். மலையாளக் கரையில் வெளிச்சம் வந்ததும் பார்த்தேன்: 9700. கழித்துப் பாருங்கள்.

புளியரைக்காரன்:
இருட்டில் உடைந்தது நான்கு வரிசை என்று எப்படித் தெரியும்? பார்த்தீர்களா?

மீட்டர்கேஜ்:
உள்ளே போகும்போது நான்கு வரிசை காத்திருந்தது. வெளியே வரும்போது இல்லை.

புளியரைக்காரன்:
அப்படியானால் 8200 என்பதும் உங்கள் நினைவு, 9700 என்பதும் உங்கள் நினைவு. அதே பாதையில் இருக்கும் கழுதுருட்டி ரயில் பாலத்துக்குப் பன்னிரண்டு கண் என்று சாதித்தவரும் நீங்கள்தான்.

மீட்டர்கேஜ்:
பன்னிரண்டு என்று சொன்னது நீங்கள்! பதிமூன்று என்று சொன்னது நான். அந்தப் பாதையில் வண்டியை 2010இல் நிறுத்தி, 2018இல் அகலப் பாதையாகத் திறக்கும்வரை எட்டு வருடம் அதை நினைத்தே கிடந்தவன் நான். எனக்கா கண் எண்ணத் தெரியாது?

குண்டாறு:
பாலம் இருக்கட்டும். எந்தப் பெட்டி என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

கணக்கு டீச்சர்:
யாரிடமாவது பெட்டி இருந்தால் உச்ச மதிப்பெண்ணைப் பாருங்களேன்.

ஆரியங்காவு:
எங்கே பார்ப்பது, அக்கா? பேட்டரியைக் கழற்றினால் உச்ச மதிப்பெண்ணும் போய்விடும். பக்கத்து வீட்டுப் பையன் என் மதிப்பெண்ணை அழிப்பதற்கென்றே டார்ச்சுக்குப் பேட்டரி வேண்டும் என்று வந்து கேட்பான். அதை இன்றைக்கும் நான் மறக்கவில்லை.

மீட்டர்கேஜ்:
அது தெரிந்துதான் நான் எழுதி வைத்தேன். இப்போது பரணில் ஏறி இறங்கி வருகிறேன். பெட்டி கிடைத்தது. துருப்பிடித்த கம்பிச் சுருள், பேட்டரி கசிந்து வெள்ளைப் பொடி, திரையில் பாதி கறுத்துவிட்டது, உயிர் இல்லை. ஆனால் பேட்டரி மூடியின் உட்பக்கம் ஜியோமெட்ரி பாக்ஸ் காம்பஸ் முனையால் கீறியது அப்படியே இருக்கிறது: 1-100, 2-300, 3-700, 4-1500. நான்காவது எண்ணைச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறேன்.

புளியரைக்காரன்:
கீறலை நேற்று இரவுகூடக் கீறலாம், அண்ணாச்சி. தூக்கம் வரவில்லை என்று நீங்களே சொன்னீர்கள்.

மீட்டர்கேஜ்:
ஊரில் எனக்கு ஒரு பேர் இருக்கிறது, தம்பி. என்னைப் பொய்யன் என்கிறீர்களா? உங்கள் பெட்டி எங்கே? துபாய் மாமா கொடுத்த பெட்டியைக் கொண்டுவாருங்கள், பேசலாம்.

புளியரைக்காரன்:
என் தங்கை கிணற்றில் போட்டுவிட்டாள். அதனால் 400 என்பது பொய்யாகிவிடுமா?

மீட்டர்கேஜ்:
கிணற்றில் இருந்தாலும் 1500.

குண்டாறு:
எந்தக் கம்பெனிப் பெட்டி?