மோச்சே வீராங்கனையை வரைய உதவி தேவை

வணக்கம். ஒரு சித்திரக்கதைக்காக வீராங்கனை ஒருத்தியை வரைந்துகொண்டிருக்கிறேன். கதை கற்பனை, வேர் நிஜம். பெருவின் வடக்குக் கடற்கரையில், எல் புருஹோவில் 2006-ல் வெளியுலகுக்குத் தெரியவந்த 'காவ் சீமாட்டி'யின் கல்லறைதான் அது. மோச்சே என்பது அந்தக் கடற்கரையில் இருந்த பழைய நாகரிகம்; இவள் சுமார் 1,600 ஆண்டுகளுக்கு முந்தைய மோச்சே பெண், இளவயதிலேயே இறந்தவள். கைகளில் பாம்பும் சிலந்தியுமாகப் பச்சை குத்தியிருக்கிறது. கூடவே இரண்டு கதாயுதங்கள், 23 ஈட்டி எறியும் கோல்கள்! அவை அதிகாரச் சின்னங்கள் என்கிறார்கள். இருக்கட்டும், என் கதையில் அவள் அவற்றோடு களத்தில் இறங்குகிறாள்.

முதல் வரைவில் நன்றாகச் சொதப்பினேன். அஸ்டெக் பாணி இறகுக் கிரீடம், எரிமலைக் கண்ணாடிச் சில்லுகள் பதித்த மரவாள். அஸ்டெக்குகள் இருந்தது மெக்சிகோவில், அதுவும் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் கழித்து. எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். இப்போது மோச்சே பானை ஓவியங்களைப் பார்த்து வரைகிறேன்: கூம்பு வடிவத் தலைக்கவசம், சின்னக் கேடயம், இடுப்புக்குப் பின்னால் தொங்கும் உலோகத் தகடு. இரும்பு கிடையாது.

சிக்கல் மூன்று இடத்தில். ஈட்டி எறியும் கோலைப் பிடிக்கும்போது விரல்கள் எப்படி மடங்கும்? கையில் பிடித்துப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். பொன்முலாம் பூசிய செம்புக்கு வெயிலில் என்ன நிறம் தரலாம்? என் படத்தில் அது பித்தளைக் குடம் மாதிரி இருக்கிறது. அப்புறம் அவளுக்கு நான் போட்டிருக்கும் மூக்கணி. அது வாயை மறைத்துத் தொங்குகிறது, வசனம் பேசும் கட்டத்தில் முகபாவமே தெரியவில்லை. கழற்றிவிடவும் மனமில்லை. கண்களை மட்டும் வைத்துச் சமாளிக்கலாமா? வரைபவர்கள் ஒரு கிறுக்கல் போட்டுக் காட்டினாலும் போதும்.