தனி ஆளாக ஃப்ரிட்ஜ் ஏற்ற ஒரு டிராலி: வடிவமைப்பில் யோசனை வேண்டும்

சுமைதாங்கி எழுதியது:

வணக்கம். பழைய ஃப்ரிட்ஜ், சலவை இயந்திரம் வாங்கிப் பழுது பார்த்து விற்பது என் பிழைப்பு. கூட இருந்த பையன் வேறு வேலைக்குப் போய்விட்டான். மூன்று மாதமாக நான் தனி ஆள். வெல்டிங் மெஷின், கிரைண்டர் இருக்கிறது, சுமாராகப் பற்றவைப்பேன். அதனால் டிராலியை நானே செய்துகொள்ளலாம் என்று இருக்கிறேன்.

இப்போது இருப்பது எல்லாரும் பார்த்திருக்கிற அதே இரண்டு சக்கர டிராலி. கீழே ஒரு தகடு, பின்னால் நிமிர்ந்த சட்டம், 15 செ.மீ. சக்கரம். கைப்பிடி தரையிலிருந்து 110 செ.மீ. உயரம். இதில் தள்ளுவது ஒரு பிரச்சினையே இல்லை. சரியான அளவுக்குச் சாய்த்துவிட்டால் சுமை இருப்பதே தெரியாது, இரண்டு விரலில் போகும். நிமிர்ந்து நிற்கிற ஃப்ரிட்ஜைச் சாய்க்கிற அந்த முதல் ஒரு சாண் தூரத்தில்தான் உயிர் போகிறது.

எவ்வளவு என்று பார்த்துவிடலாம் என்று, பயணப் பெட்டி எடை பார்க்கிற கொக்கித் தராசைக் கைப்பிடியில் மாட்டி இழுத்தேன். 100 கிலோ ஃப்ரிட்ஜ் அசையத் தொடங்கும்போது தராசு 46 கிலோ காட்டியது. என் முதுகு ஏன் அப்படி வலிக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

போன வாரம் இன்னொன்று நடந்தது. சாய்க்க இழுத்தேன், சுமை சாய்வதற்குப் பதில் டிராலி என் பக்கம் உருண்டு வந்துவிட்டது. தகடு அடியிலிருந்து உருவிக்கொள்ள, ஃப்ரிட்ஜ் டம்மென்று உட்கார்ந்தது. செருப்பு நுனி நசுங்கிப் போனது, கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது. விரல் தப்பியது யார் செய்த புண்ணியமோ.

ராத்திரி உட்கார்ந்து ஒரு படம் போட்டேன். சட்டத்தின் மேலே ஒரு கை வின்ச் (கைப்பிடியைச் சுற்றினால் வடத்தைச் சுருட்டி இழுக்கிற கருவி), கம்பி வடம், அதில் ஏறி இறங்குகிற தகடு. சுமையையே தூக்கிவிடலாம் இல்லையா? இது சரி வருமா, இல்லை சாய்க்கிற வேலையைச் சுலபமாக்க வேறு வழி இருக்கிறதா? செய்து பார்த்தவர்கள் சொன்னால் நல்லது.


பட்டறைப் பெரியவர் எழுதியது:

தம்பி, வின்ச்சை ஓரமாக வை. உனக்குச் சுமையை உயரத் தூக்க வேண்டிய தேவையே இல்லை, சாய்த்தால் போதும். கனமான சட்டம் செய்தால் அதையும் சேர்த்துத்தான் நீ படியேற்றுவாய்.

உன் டிராலியில் சுமை எந்தப் புள்ளியில் திரும்புகிறது என்று பார். அச்சில். அந்த அச்சு தகட்டுக்கு எவ்வளவு பின்னால் இருக்கிறது? 10 செ.மீ. இருக்கும். ஃப்ரிட்ஜைப் பக்கவாட்டில்தானே ஏற்றுவாய்? அதன் அகலம் 76 என்றால் எடை மையம் 38 செ.மீ. முன்னால். இந்த 10-ஐயும் சேர்த்தால் 48. நூறு கிலோவை 48 செ.மீ. தள்ளி வைத்துக்கொண்டு நெம்புகிறாய். அந்த 10 செ.மீ. உனக்குச் சும்மா வந்த தண்டம்.

அதைக் குறைக்க ஒரு பழைய கைவேலை உண்டு. சக்கரத்தைத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கிக் கட்டு. டிராலி நிமிர்ந்து நிற்கும்போது சக்கரம் தரையைத் தொடவே கூடாது, தகட்டின் குதிகால், அதாவது தகடு சட்டத்தோடு சேர்கிற பின்மூலை, மட்டும் தரையில் நிற்க வேண்டும். இழுத்தால் முதலில் குதிகாலில் திரும்பும். கொஞ்சம் சாய்ந்த பிறகு சக்கரம் தரையைத் தொடும், அப்புறம்தான் எடையை வாங்கிக்கொள்ளும். சக்கரம் அந்தரத்தில் இருப்பதால், தொடங்கும்போது டிராலி உன்மேல் உருண்டு வரவும் வராது. உன் கால் நகத்துக்கு அதுதான் மருந்து.

தகடு மடிகிற இடம் கூர்மையாக இருந்தால் தரையைக் கீறும். உருட்டி மடி.


கணக்குப்பிள்ளை எழுதியது:

பெரியவர் சொல்வது அழகான யோசனைதான். ஆனால் ஒரு சந்தேகம். சக்கரம் தரையைத் தொட்ட உடனே திரும்புகிற புள்ளி மறுபடி 10 செ.மீ. பின்னால் போய்விடுகிறதே? கஷ்டத்தைத் தள்ளிப் போட்டோம், ஒழித்தோமா?

சும்மா கேட்பதற்குக் கணக்குப் போட்டுவிடலாம் என்று போட்டேன். ஃப்ரிட்ஜின் எடை மையம் 80 செ.மீ. உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டேன். கம்ப்ரசர் அடியில் இருப்பதால் பாதி உயரத்துக்கும் சற்றுக் கீழேதான் இருக்கும்.

இப்போது இருக்கிறபடி: 100 கிலோ × 48 செ.மீ., அச்சிலிருந்து கைப்பிடி 102 செ.மீ. வகுத்தால் 47 கிலோ. தராசு சொன்ன 46-க்குப் பக்கத்தில் வந்துவிட்டது. தராசுக்கும் எனக்கும் மகிழ்ச்சி.

சக்கரத்தை 5 மி.மீ. தூக்கினால்: குதிகாலில் தொடக்கம் 34, 35 கிலோ. ஆனால் சக்கரம் தொடுவதற்குள் எடை மையம் 4 செ.மீ. மட்டுமே பின்னால் வந்திருக்கும். அப்போது அச்சில் 43 கிலோ ஆகிவிடும். அதாவது என் சந்தேகம் சரி, பெரிய லாபமில்லை.

10 மி.மீ. தூக்கினால்: 8 செ.மீ. பின்னால் வந்துவிடும், இரண்டாம் கட்டம் 39 கிலோ.

16 மி.மீ. தூக்கினால் இரண்டு கட்டமும் ஒரே அளவு, 34 கிலோவை ஒட்டி. அதற்கு மேல் தூக்கிப் பயனில்லை, முதல் கட்டம் எப்படியும் குறையாது. ஆகவே 15 மி.மீ. என்று பிடித்துக்கொள்ளுங்கள். 47 போய் 34, 35. பெரியவருக்கு ஒரு சலாம். சந்தேகத்தை வாபஸ் வாங்குகிறேன், முக்கால் பங்கு.

மீதிக்குக் காலைப் பயன்படுத்துங்கள். அச்சுக்குப் பின்னால் 25 செ.மீ. நீட்டி ஒரு மிதிகட்டை பற்றவைத்து, அதன்மேல் 40 கிலோ அளவுக்கு உடம்பு எடையைப் போட்டாலே கைப்பிடியில் 10 கிலோ குறையும். கைக்கு இருக்கிற வலு வேறு, உடம்பு எடை வேறு. உடம்பு எடை இனாமாகக் கிடைக்கிறது, முதுகும் கேள்வி கேட்காது.


சுமைதாங்கி எழுதியது:

இரண்டு பேருக்கும் நன்றி. மிதிகட்டை நல்ல யோசனை, ஆனால் சாயச் சாய அது தரையில் போய் இடிக்காதா?


கணக்குப்பிள்ளை எழுதியது:

இடிக்கும். 30 பாகை சாய்ந்தால் 25 செ.மீ. கட்டையின் முனை பன்னிரண்டரை செ.மீ. இறங்கும். 15 செ.மீ. சக்கரத்தில் அச்சின் உயரமே ஏழரைதான். கட்டையைச் சற்று மேல்நோக்கி நிறுத்துங்கள், இல்லாவிட்டால் கீல் போட்டு, காலை எடுத்ததும் ஸ்பிரிங்கில் மடிந்துகொள்கிற மாதிரி செய்யுங்கள். முதல் பத்துப் பதினைந்து பாகைக்குத்தான் அது வேண்டும்.


நாலு சக்கரம் எழுதியது:

நான் பொருள் இடம் மாற்றுகிற வேலையில் இருந்தவன், ஆகவே பட்டறைப் பேச்சை விட்டு இரண்டு விஷயம்.

முதலாவது பெல்ட். இங்கே யாரும் பேசவில்லை, எனக்கு ஆச்சரியம். தகடு 18, 20 செ.மீ. நீளம்தான் இருக்கும். எடை மையமோ 38 செ.மீ. முன்னால், அதாவது தகட்டு முனையைத் தாண்டி அந்தரத்தில். பெல்ட் போடாமல் இழுத்தால் தகடு தூக்கும், ஃப்ரிட்ஜ் முன்பக்கம் சாயப் பார்க்கும். முக்கால் உயரத்தில் ஒரு ராட்செட் பெல்ட்டை (ஒரு பக்கம் மட்டும் திரும்புகிற பல்சக்கரத்தால் இறுக்குவது) இறுக்கிய பிறகு ஃப்ரிட்ஜும் டிராலியும் ஒரே பொருள். நீங்கள் இழுத்தால் ஃப்ரிட்ஜின் தலையையே இழுக்கிறீர்கள். பெல்ட் முதலில், சாய்ப்பது பிறகு. சாய்த்துவிட்டுக் கட்டலாம் என்று நினைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், கட்ட மூன்றாவது கை இருக்காது. போன வாரம் உங்கள் தகடு உருவிக்கொண்டதும் இதனால்தான் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது சக்கரம். 15 செ.மீ. போதாது, 25 செ.மீ. போடுங்கள். 2 செ.மீ. உயர வாசற்படி விளிம்பில் இந்தச் சிறிய சக்கரம் முட்டி நின்றால், 100 கிலோ சுமையை நேராக இழுத்து ஏற்ற 90 கிலோவுக்கு மேல் இழுக்க வேண்டும். 25 செ.மீ. சக்கரத்தில் அது 65-க்கு வந்துவிடும். பெரிய சக்கரம் சட்டத்துக்கு வெளிப்பக்கம்தான் வர முடியும், அகலம் கூடும். வழக்கமாகப் போகிற கதவுகளை முதலில் அளந்துகொள்ளுங்கள். காற்றடைத்தது போட்டால் இரண்டிலும் ஒரே காற்று இருக்க வேண்டும், இல்லையென்றால் டிராலி ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போகும்.

முன்பக்கம் கதவு வைத்த சலவை இயந்திரம் ஏற்றுவீர்கள்தானே. அதற்குள் அதிர்வைக் குறைக்கக் கான்கிரீட் கட்டிகள் வைத்திருப்பார்கள், 70 கிலோவுக்கு வரும். குள்ளமான பொருள். பெல்ட் கீழே இறங்க வேண்டியிருக்கும், அதனால் சட்டத்தில் இரண்டு உயரத்தில் கொக்கி வையுங்கள்.


பட்டறைப் பெரியவர் எழுதியது:

பெல்ட் பற்றிச் சொன்னது சரி. எனக்கு அது சொல்லாமலே தெரிந்த விஷயம் என்று விட்டுவிட்டேன், தப்பு.

வின்ச் ஆசை இன்னும் தம்பிக்கு இருந்தால் ஒன்று சொல்கிறேன். வின்ச்சின் ராட்செட்டில் பல்சக்கரம் பின்னால் திரும்பாமல் தடுக்கிற நாக்கு தேய்ந்திருந்தாலோ பல்லில் பாதி மட்டும் விழுந்திருந்தாலோ கைப்பிடி சுழன்று வந்து மணிக்கட்டில் அடிக்கும். நான் பார்த்த கை அப்புறம் நேராகவில்லை. தூக்கியே ஆக வேண்டும் என்கிற வேலைக்கு, கையை விட்டாலும் தானே திரும்பாத புழுச்சக்கரம் வைத்ததாக வாங்கு.

அச்சுக்கு 20 மி.மீ. கம்பி போடு. 16-ஐப் போட்டுவிடாதே. நின்றால் தாங்கும், படியில் தொப்பென்று விழுந்தால் வளையும். தகட்டை 6 மி.மீ.யில் வெட்டு. முன்விளிம்பை மட்டும் கிரைண்டரில் சரித்து உளி மாதிரி ஆக்கு. ஃப்ரிட்ஜுக்குக் கால் இருக்கிறது, தகடு நுழைந்துவிடும். அடி தட்டையான பொருளுக்குத்தான் இந்த விளிம்பு. தகடும் சட்டமும் சேர்கிற மூலையில் இரண்டு பக்கமும் முக்கோணத் துண்டு வைத்துப் பற்றவை. முதலில் விடுகிற இடம் அதுதான்.


சுமைதாங்கி எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். செய்து முடித்துவிட்டேன்.

சக்கரம் 25 செ.மீ., தரையிலிருந்து 15 மி.மீ. தூக்கி. கைப்பிடியை 125 செ.மீ.க்கு உயர்த்தினேன். மிதிகட்டைக்குக் கீல், கதவு ஸ்பிரிங் ஒன்று. பெல்ட்டுக்கு இரண்டு உயரத்தில் கொக்கி. அதே மாதிரி 100 கிலோ ஃப்ரிட்ஜ், அதே கொக்கித் தராசு. மிதித்துக்கொண்டு இழுத்தபோது 25 கிலோ காட்டியது. நம்பாமல் மூன்று தடவை பார்த்தேன். 24, 26, 25.

குதிகாலிலிருந்து சக்கரத்துக்கு எடை மாறுகிற நேரம் கையில் தெரிகிறது. ஒரு சின்னத் தயக்கம், ஒரு 'டக்'. முதலில் ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்தேன். இறக்கும்போது அதே 'டக்' திரும்பி வருகிறது, ஆனால் அப்போது கொஞ்சம் வேகமாக. அதனால் கடைசி இரண்டு விரற்கடையில் மிதிகட்டையை மறுபடி கால்வைத்துப் பிடித்துக்கொள்கிறேன். குதிகாலில் ரப்பர் துண்டு ஒட்டினேன், தரை கீறவில்லை.

தப்பு என் பக்கமும் உண்டு. ஸ்பிரிங் அதிகக் கனமானது. காலை எடுத்த வேகத்தில் மிதிகட்டை எகிறி முழங்காலுக்குக் கீழே எலும்பில் அடித்தது. அன்றைக்கு நான் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. இப்போது மெல்லிய ஸ்பிரிங்.

இன்னொன்று: பெல்ட் இறுக்கிய இடத்தில் ஃப்ரிட்ஜ் கதவில் கோடு விழுந்தது. விற்கிற பொருளாயிற்றே. பழைய போர்வையை மடித்து நடுவில் வைக்கிறேன்.


பட்டறைப் பெரியவர் எழுதியது:

நல்லது தம்பி. மிதிகட்டை முனைக்குப் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிவிடு, ஈரக் காலுக்கு வழுக்காது. அந்தச் செருப்பையும் மாற்று, முன்பக்கம் இரும்புத் தொப்பி வைத்த ஷூ போடு.