கங்காணி வேணாம், வேற சொல் சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம்,

லேப்ல டீச்சர் மெஷின்ல இருந்துக்கிட்டே பசங்க மெஷின் எல்லாத்தையும் பாக்குற, பூட்டுற, உள்ள போய் மவுஸை நகத்துற சாப்ட்வேருக்குத் தமிழ்ல என்ன பேருன்னு போன வாரம் இங்க ஒருத்தர் கேட்டிருந்தாரு. வந்த பதில்ல பாதி "வகுப்பறை மேலாண்மை மென்பொருள்", மீதி "மாணவர் கணினிக் கண்காணிப்பு மென்பொருள்". ரெண்டுமே எனக்கு ஒத்துவரல. ஏன்னு கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுத்துக்கங்க, நான் தினமும் அதைத் திறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்கிறவ. காரைக்குடிப் பக்கம் ஒரு ஸ்கூல்ல கம்ப்யூட்டர் டீச்சர், லேப்ல இருபது மெஷின், அதுல பதினெட்டு ஓடும்.

முதல்ல மேலாண்மை. பி.எட் படிச்சவங்க யார்ட்ட வேணா கேளுங்க, வகுப்பறை மேலாண்மைன்னா பசங்களைச் சத்தம் போடாம உக்கார வைக்கிறது, நேரத்தைப் பிரிச்சுக்கிறது, கடைசி பெஞ்சைச் சமாளிக்கிறது. அது ஒரு பாடம், பரீட்சையில அஞ்சு மார்க் கேள்வி. அதே பேரை ஒரு சாப்ட்வேருக்கும் வச்சா "வகுப்பறை மேலாண்மை கத்துக்கிட்டீங்களா"ன்னு ஹெச்.எம் கேக்குறப்ப எதைக் கேக்குறாருன்னே தெரியாது. அதோட அந்த மூணு வார்த்தைப் பேரை யாரும் வாயால சொல்லப் போறதில்ல. எங்க லேப்ல போட்டிருக்கிற சாப்ட்வேரோட பேர் வேயான் (Veyon), எல்லாரும் "வேயான்"ன்னுதான் சொல்றோம், அட்டெண்டர் அக்கா "வேயன்"னு சொல்லுவாங்க, ஏதோ பக்கத்துத் தெரு ஆளு மாதிரி.

இந்த வேயான் பேர்லயே ஒரு கதை இருக்கு. அதோட பழைய பேர் ஐடால்க். இன்டெலிஜென்ட் டீச்சிங் அண்ட் லேர்னிங் வித் கம்ப்யூட்டர்ஸ்ங்கிறதோட சுருக்கம், அதாவது பேர்ல கத்துக்கொடுக்குறதும் கத்துக்குறதும்தான் இருந்துச்சு, கண்ணே இல்ல. பின்னால பேர் மாறுனப்ப விர்ச்சுவல் ஐ ஆன் நெட்வொர்க்ஸ்னு ஆகி, கண்ணு வந்து உக்காந்துருச்சு. லினக்ஸ்காரங்க வச்சிருக்கிற இதே மாதிரி சாப்ட்வேர் எபாப்டிஸ் (Epoptes), அது கிரேக்கச் சொல்லாம், மேல இருந்து பாக்குறவர்னு அர்த்தம். வெளியூர்க்காரங்க கண்ணை வச்சுப் பேர் வச்சா நாமளும் கண்ணையே வைக்கணுமா?

இப்ப கண்காணிப்புக்கு வர்றேன், எனக்கு உறுத்துறது இதுதான். எங்க அப்பத்தாவோட அப்பா சிலோன் தோட்டத்துல வேலை பாத்தவரு. போன லீவுல நான் வீட்ல லேப்டாப்பை வச்சுக்கிட்டு இந்தச் சொற்களை எழுதிக்கிட்டிருந்தேன், அப்பத்தா என்னடி எழுதுறன்னு கேட்டுச்சு. பசங்க என்ன செய்யுறாங்கன்னு கண்காணிக்கிற சாமானுக்குப் பேர் தேடுறேன்னேன். ரெண்டு நிமிசம் பேசல. அப்புறம், "கங்காணி வேலையா பாக்குற?"ன்னுச்சு. கண்காணிதான் பேச்சுல கங்காணி ஆச்சு, எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஆனா நம்ம பக்கத்து ஊர்கள்ல அது டிக்சனரிச் சொல் இல்ல. சிலோனுக்கும் மலாயாவுக்கும் ஆள் கட்டிக் கூட்டிட்டுப் போனவரும் அவருதான், முன்பணத்தைக் கடனா எழுதிக்கிட்டவரும் அவருதான், அங்க போனப்புறம் தலைக்கு மேல நின்னவரும் அவருதான். ஒரு சிலர் நல்லவங்களாவும் இருந்திருப்பாங்க, நான் அதுக்குள்ள போகல. ஒன்பதாங்கிளாஸ் புள்ள மெஷின்ல அந்த வேலையைச் செய்யுற பேரை ஒட்டுறதுக்கு எனக்குக் கை வரல, அவ்வளவுதான்.

சட்டாம்பிள்ளைன்னு ஒருத்தர் எழுதியிருந்தீங்க, படிச்சுட்டு சிரிச்சேன். திண்ணைப் பள்ளிக்கூடத்துல வாத்தியார் இல்லாதப்ப பாத்துக்குற பெரிய பையன், வேலைக்கு ரொம்பவே பொருந்துது. ஆனா இன்னிக்கு "சட்டாம்பிள்ளைத்தனம் பண்ணாத"ன்னுதானே பேச்சு, நல்ல பேர் கெட்டுப் போய் நாளாச்சு.

சரி, அந்தச் சாமான் உண்மையில என்னதான் செய்யுது? என் ஸ்கிரீன்ல பதினெட்டு குட்டிக்குட்டிப் படம், ஒவ்வொண்ணும் ஒரு புள்ளையோட திரை. எதையாவது டபுள் கிளிக் பண்ணா பெருசாகும். என் திரையை எல்லாருக்கும் காட்டலாம், ஒரு புள்ள திரையையே எடுத்து மத்தவங்களுக்கும் காட்டலாம். பூட்டலாம், செய்தி அனுப்பலாம், ஒரே நேரத்துல ஒரு வெப்சைட்டைத் திறந்து விடலாம், சாயங்காலம் எல்லாத்தையும் ஒரே அமுக்குல நிறுத்தலாம், காலைல ஒரே அமுக்குல எழுப்பலாம் (எழுப்புறதுக்கு பயாஸ்ல ஒரு செட்டிங் போடணும், அது பதினெட்டுல நாலு மெஷின்லதான் வேலை செய்யுது, அது வேற வயித்தெரிச்சல்). இதுல பாக்குறதுங்கிறது ஒரு வேலை மட்டும்தான். நான் அதிகமா செய்யுறது காட்டுறதும் கை கொடுக்கிறதும், அதாவது என் இடத்துலருந்தே புள்ளையோட மவுஸை நகத்தி உதவுறது.

போன மாசம் கால்க்ல (கட்டம் கட்டமா கணக்குப் போடுற சாப்ட்வேர்) கூட்டல் பார்முலா நடத்திக்கிட்டிருந்தேன், பன்னெண்டாம் நம்பர் கட்டத்துல மட்டும் கலர் கலரா என்னமோ தெரிஞ்சுது. பெருசாக்கிப் பாத்தா பையன் ஒவ்வொரு செல்லுக்கும் கலர் அடிச்சு ஆத்தங்குடித் தரைக்கல்லு மாதிரியே பூ போட்டு வச்சிருக்கான், நடுவுல நட்சத்திரம், ஓரத்துல பார்டர் எல்லாம். அவங்க சித்தப்பா கல்லு போடுற பட்டறையில இருக்காராம். திட்டுறதா என்னன்னு ஒரு நிமிசம் யோசிச்சுட்டு அவன் திரையை எல்லாருக்கும் போட்டுட்டேன், அப்புறம் இதுல ஒரு வரிசைக்கு எத்தனை செவப்புக் கட்டம்னு எண்ணுறதுக்கு பார்முலா எழுதுங்கன்னேன். எண்ணிச் சொல்ற கவுண்ட்இஃப் பார்முலா அன்னிக்குத்தான் கிளாஸுக்கே புரிஞ்சுது, பார்முலா கலரை எண்ணாது, உள்ள எழுத்து இருக்கணும்ங்கிறது உள்பட. இதுக்குக் கண்காணிப்புன்னா பேரு?

அதனால நான் சொல்ற சொல்: வகுப்புத்திரை. சாப்ட்வேருக்கு அதான் பேர், வாய்க்கும் வருது. உள்ள இருக்கிற பட்டனுக்கு எல்லாம் வினைச்சொல்லாவே வைப்போம்: பார், காட்டு, நிறுத்து, கைகொடு, எழுப்பு. காட்டுங்கிறதுக்கு "முழுத்திரைச் செயல்விளக்கம்"னு போட்டுப் பாத்தேன், பட்டன்ல "முழுத்திரைச் செ..."ன்னு பாதியில நிக்குது. பூட்டுங்கிறதை வேணும்னேதான் விட்டேன், போன்ல திரைப்பூட்டுன்னா நம்பர் போட்டுத் திறக்குறது, இங்க புள்ள என்ன அமுக்கினாலும் திறக்காது.

கருத்து சொல்லுங்க.

---

அன்புள்ள டீச்சருக்கு,

நான் தேவகோட்டையிலிருந்து எழுதுறேன், ஓய்வு பெற்ற தமிழாசிரியன், கம்ப்யூட்டர் பேரன் போட்டுக் கொடுத்தால்தான் உண்டு. கங்காணி பற்றி நீங்கள் சொன்னது சரி. மேலாண்மைக்கும் நம்ம பக்கத்தில் ஒரு வாசனை இருக்கிறதம்மா. பர்மாவிலும் மலாயாவிலும் செட்டியார்கள் கடை வைத்திருந்த காலத்தில் அங்கே கடையை நடத்துகிறவர் மேலாள், அவருக்கு அடுத்தபடி அடுத்தாள், எல்லாருக்கும் கீழே பெட்டியடிப் பையன். அந்தப் பையன் கணக்கு கற்றுக்கொண்டது பாடம் கேட்டு இல்லை, மேலாள் பக்கத்திலேயே உட்கார்ந்து ஏட்டைப் பார்த்துப் பார்த்துத்தான். உங்கள் சாப்ட்வேர் செய்வதும் கிட்டத்தட்ட அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது, யார் யாரைப் பார்க்கிறார்கள் என்பதுதான் திரும்பியிருக்கிறது.

வகுப்புத்திரை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஸ்மார்ட் போர்டையும் புரொஜெக்டர் திரையையும் வகுப்பில் வைத்துக்கொண்டு வகுப்புத்திரை என்றால் பையன் சுவரைத்தான் பார்ப்பான். அந்தப் பதினெட்டுக் கட்டமும் தெரிகிற காட்சிக்கு நான் ஒன்று சொல்கிறேன், சிரிக்காதீர்கள்: வளவு. செட்டிநாட்டு வீட்டில் முகப்பு தாண்டி உள்ளே போனால் நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றி அறைகள், ஒவ்வொரு அறையும் ஒரு புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒரு தம்பதிக்கு. முற்றத்தில் ஒரு ஆச்சி உட்கார்ந்தால் எல்லா வாசலும் கண்ணில் படும், ஆனால் அறைக்குள்ளே என்ன என்பது கூப்பிட்டால்தான் தெரியும். கைகொடு மிக நன்று, மாற்றாதீர்கள்.

---

அய்யா, வணக்கம்.

வளவு படிச்சதும் எனக்கு உடனே பிடிச்சுப் போச்சு, அதுதான் பயமாவும் இருக்கு, ஏன்னா காரைக்குடிக்காரிக்குப் பிடிச்சது கோயம்புத்தூர்க்காரருக்கும் யாழ்ப்பாணத்துக்காரருக்கும் புரியணும்ல. வளவுன்னா யாழ்ப்பாணத்துல வீட்டைச் சுத்தியிருக்கிற நிலம்னு என்கூடப் படிச்ச பொண்ணு சொல்லுவா. ஸ்மார்ட் போர்டு குழப்பம் நீங்க சொன்னது உண்மைதான், நான் யோசிக்கவே இல்ல. ஆனா அதைத் திறன்பலகைன்னு சொல்றது ஓரளவு பழகிருச்சு, அதனால வகுப்புத்திரையை இன்னும் கொஞ்ச நாள் பிடிச்சுக்கிட்டு இருக்கலாம்னு நினைக்கிறேன். வளவை எங்க லேப்ல மட்டும் சொல்லிப் பாக்குறோம்.

ஆனா கடைசியில சொன்னீங்களே, அறைக்குள்ள என்னங்கிறது கூப்பிட்டாத்தான் தெரியும்னு, அது என்னை உலுக்கிருச்சு. ஏன்னா இங்க நான் கூப்பிடாமலேயே உள்ள போய்க்கிட்டிருந்தேன்.

ஒரு நாள் எட்டாங்கிளாஸ் புள்ள ஒண்ணு பைலைச் சேமிக்கத் தெரியாம முழிச்சுக்கிட்டிருந்துச்சு, நான் பாட்டுக்கு என் இடத்துலருந்தே கைகொடுத்து மவுஸை நகத்தினேன். அந்தப் புள்ள மவுஸைத் தொடவே இல்ல, அம்பு மட்டும் தானா நகருது. வீல்னு கத்திட்டு நாற்காலியோட பின்னாடி போயிருச்சு, அழுகை வேற. உதவின்னு நினைச்சு செஞ்சது, பேய் மாதிரி ஆகிப்போச்சு.

இன்னொண்ணும் சொல்லணும். மெஷின் போட்டுக் கொடுத்த ஆளு, டீச்சர் மெஷின்ல மட்டும் இருக்க வேண்டிய பிரைவேட் கீயை (இது டீச்சர்தான்னு மத்த மெஷின் நம்புறதுக்கான ரகசியக் கோப்பு) எல்லா மெஷின்லயும் காப்பி பண்ணிட்டுப் போயிட்டாரு. பப்ளிக் கீதான் பசங்க பக்கம் இருக்கணும், மத்தது பெட்டகச் சாவி மாதிரி, ஒருத்தர் இடுப்புலதான் இருக்கணும். (சாவியே போர்த்துகீசு சொல்தானே அய்யா, மேசையும் சன்னலும்கூட, இப்ப யாருக்கு ஞாபகம் இருக்கு. அதனால கீயைச் சாவின்னே வச்சுட்டேன், பொதுச்சாவி, தனிச்சாவி.) பதினொண்ணாங்கிளாஸ் பையன் ஒருத்தன் மாஸ்டரை (வேயான்ல டீச்சர் திறக்குற பகுதி) திறந்து ரெண்டு நாளா என் திரையைப் பாத்துக்கிட்டிருந்திருக்கான், நான் கொஸ்டின் பேப்பர் அடிக்கிறப்ப "மிஸ், ஆறாவது கேள்வில ஸ்பெல்லிங் தப்பு"ன்னு சொன்னப்பத்தான் தெரிஞ்சுது. கோவம் வந்துச்சு, ஆனா பாக்கப்படுறது எப்படி இருக்கும்னு அன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது.

அதுக்கப்புறம் சாவியெல்லாம் புதுசா மாத்திட்டேன். வேயானோட செட்டிங் போடுற கான்பிகரேட்டர்ல அணுகல் விதின்னு ஒரு பக்கம் இருக்கு, அதுல மெஷின்ல உக்காந்திருக்கிறவங்ககிட்ட அனுமதி கேக்கணும்னு ஒரு விதி போட்டேன். இப்ப நான் மாஸ்டரைத் திறந்ததும் பதினெட்டு மெஷின்லயும் ஒரே நேரத்துல கேள்வி வருது. இங்கிலீஷ்ல இருந்த அந்தக் கேள்விக்குத் தமிழ் தேடித்தான் நாலு நாள் போச்சு. "இவர் உங்கள் கணினியை அணுக விரும்புகிறார், அனுமதிக்கிறீர்களா"ன்னு போட்டேன், பேங்க்ல இருந்து வந்த மெசேஜ் மாதிரி இருந்துச்சு, பசங்க படிக்காமலே தட்டுனாங்க. உள்நுழைதல்னு வைக்கலாம்னா அது லாகினுக்குப் போயிருச்சு. அப்புறம்தான் கவனிச்சேன், பசங்களுக்குள்ள இதுக்கு ஏற்கனவே ஒரு பேச்சு இருக்கு. நான் கைகொடுத்தா, "டேய், மிஸ் உள்ள வந்துட்டாங்கடா"ம்பாங்க.

அதையே எடுத்துக்கிட்டேன். மொழிபெயர்ப்புக் கோப்புல அந்த வரியை "உள்ளே வரலாமா?"ன்னு மாத்திட்டேன். ஆமா, இல்லைன்னு இருந்த பட்டனுக்கு "வாங்க", "பொறுங்க". முகப்புல நின்னு ஆச்சி இருக்காகளான்னு குரல் கொடுத்துட்டு நிக்கிறோம்ல, அந்த மாதிரி. இப்படி அனுமதி கேக்குற அணுகல் கோரிக்கைங்கிறதுக்கு நீங்க சொற்பட்டியல்ல போடுறதா இருந்தா "வரவு கேட்டல்"னு போடலாமான்னு தெரியல, வரவுன்னா கணக்கு ஏட்டு ஞாபகம் வருது, நீங்கதான் சொல்லணும்.

மூணு நாளா ஓடிக்கிட்டிருக்கு. பதினேழு பேர் வாங்க அமுக்கிடுறாங்க. அந்த ஆத்தங்குடிக்கல்லு பையன் மட்டும் தினமும் முதல்ல பொறுங்க அமுக்குறான், நான் எழுந்து நடந்து போய் அவன் பக்கத்துல நின்னு என்னடான்னு கேக்குறேன், "சும்மாதான் மிஸ், இப்ப வாங்க"ங்கிறான்.